எரவாணத்து ஊசிகள்

சாமி, நான் சுகமாத்தான் இருக்கேன். நீ சுகமா இல்லைன்னு உன் கடுதாசியே சொல்லுது. அதனால நலமான்னு கேட்டு ரெண்டு வரியை வீணாக்காம நேரா விசயத்துக்கு வாரேன். மேட்டூர் மில்லுல வேலைக்குச் சேர்ந்து இருவது நாள் ஆச்சு, குடியிருக்க ஊடு கெடைச்சுது, பாவாயி நல்லாத்தான் சமைக்கிறா, ஊசி ஒண்ணுதான் சரிப்படலைன்னு எழுதியிருக்கே. காலையிலயும் பொழுதோடயும் மில் ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையில நிக்கறயாம். ஞாயித்துக்கெழமை அதைப் பூட்டிடறாங்களாம். ரெண்டு ஞாயிறு ஊசியில்லாமயே படுத்துக் கெடந்தயாம். "பாவாயி கையில ஊசியைக் குடுக்க எனக்கு மனசு வரலை. நீங்க வந்து எங்களோட இருந்துடுங்க அம்மா, உங்க கை மாதிரி வராது"ன்னு முடிச்சிருக்கே.

அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படிச்சேன்னு உங்கய்யனைக் கேளு. கடுதாசியை மடியில முடிஞ்சு வெச்சுக்கிட்டு, கெணத்தடியில துணி தொவைக்கறப்ப ஒரு தடவை, கரும்பாலையில பாகு எறக்கறப்ப ஒரு தடவைன்னு எடுத்து எடுத்துப் பார்த்தேன். பால் ஊத்த வந்தவகிட்டயும் படிச்சுக் காட்டினேன். அவ கேக்கவே இல்லை. "உங்க கை மாதிரி வராதுன்னு எழுதியிருக்கான்"னு சொன்னதுக்கு, "எது வராதுங்க, தயிரா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும். மூணு நாள் இப்படி மெதப்புல திரிஞ்சேன். துணிமணி கூட மூட்டை கட்டிட்டேன். அந்த மெதப்புல, அதுக்கு மேல இருக்கற ஞாயித்துக்கெழமை வரி என் கண்ணுல படவே இல்லை சாமி. நாலாம் நாள் உங்கய்யன் ஒரு டப்பாவைக் கொண்டாந்து எம்முன்னால வெச்சாரு. அதுக்கப்பறம்தான் கடுதாசியை முழுசாப் படிச்சேன். டப்பாச் சங்கதியைப் பின்னால சொல்றேன். இப்பவே சொன்னா நீ மத்ததைப் படிக்க மாட்டே. உன் பொறுமை எம்புட்டுன்னு பெத்தவளுக்குத் தெரியாதா.

தபால்ல போட்டா இந்த ஞாயிறும் தாண்டிடும்னு உங்கய்யன் கையிலயே குடுத்தனுப்பறேன். நீ படிச்சு முடிச்சதும் பாவாயிகிட்டக் குடு. அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ, என் கோழிக்கிளறலை உன்னைவிடச் சுருக்காப் படிச்சுடுவா. நான் மூணாவதோட நின்னவ. மூணு நாளா இதை எழுதறேன். கொம்பு எங்க போடணும், கால் எங்க போடணும்னு உங்கய்யனைக் கேட்டா அவரு ஆலைக்குப் போயிடறாரு.

உனக்குப் பதினேழு வயசுல இந்தச் சக்கரை வியாதி வந்துச்சு. ஜேடர்பாளையத்து வாய்க்காத் தண்ணியில நாலு பக்கமும் கரும்பு நிக்கற ஊர்ல, வருசத்துல பாதி நாள் வெல்லம் காய்ச்சற ஊட்டுல, சக்கரை ஆகாத புள்ளையை வெச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கறது. ஆலைக்கு யார் வந்தாலும் சூட்டோட ஒரு உருண்டைப் பாகு கையில வெக்கறது நம்ம வழக்கம். ரோட்டுல போறவனைக் கூப்பிட்டுக் குடுப்போம். உனக்கு மட்டும் இல்லை. அதுக்கு முந்தி ஒரு சொம்பு தண்ணி குடிக்கறவன் ஒரு கொடம் குடிச்சே. எளைச்சுக் கரும்புச் சக்கையா ஆனே. காத்துக் கருப்பு பட்டிருக்கும்னு உங்கய்யன் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாரு, நானும் வேப்பிலையோட பின்னாலயே வந்தேன். ஒரு நாள் பாகு காயற கொப்பரைக்குப் பக்கத்துலயே நெனப்பு தப்பி விழுந்தே. வண்டியில போட்டுச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உன் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இழுத்துச்சு. இன்சுலின்னு ஒரு மருந்து இருக்கு, நாள் தவறாம ரெண்டு வேளை ஊசியில ஏத்தணும், விட்டா மறுபடியும் இப்படித்தான் ஆகும்னு அங்க சொன்னாங்க. நீயும் கேட்டே. கேட்டவன்தான் இப்ப ரெண்டு ஞாயிறு சும்மா இருந்தேன்னு ஏதோ லீவு போட்ட மாதிரி எழுதியிருக்கே.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வயசான மனுசர், நல்ல பொறுமை. "நீயே போட்டுக்கலாம் தம்பி"ன்னாரு. மரம் ஏறித் தேன் அடையைப் புடுங்கறவன், ஊசி முனையைப் பார்த்ததும் கண்ணைச் செருகிட்டுக் கட்டில்ல சாஞ்சுட்டே. உங்கய்யன்கிட்ட நீட்டினாரு. அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. சேலத்து ஆஸ்பத்திரியில ஏது மாடு. மிச்சம் நான். ஒரு கத்தரிக்காயைக் குடுத்து இதுல குத்திப் பழகுங்கன்னாரு. ஊருக்கு வந்தும் ஒரு வாரம் பழகினேன். அந்த வாரம் நம்மூட்டுக் கொழம்புல கெடந்த கத்தரிக்காயெல்லாம் சல்லடை. கண்ணாடிக் கொழாயையும் ஊசியையும் கொதிக்க வெச்சு எடுக்கறது, ஊசித் தொளையில மெல்லிசுக் கம்பி விட்டு அடைப்பு நீக்கறது, மருந்துப் புட்டியைத் தண்ணிப் பானைக்கு அடியில ஈர மணல்ல வெக்கறது, எல்லாம் வந்துருச்சு. கெளம்பறப்ப கம்பவுண்டர் சொன்னதையும் கேளு. "குத்தறது பெரிசு இல்லைம்மா. மொட்டையாப் போன ஊசியை என்ன பண்றீங்கங்கறதுதான் பெரிசு. கெட்டி டப்பாவுல போட்டு மூடி, நெறைஞ்சதும் ஏர் போகாத எடத்துல ஆழமாப் பொதைச்சுடுங்க. குப்பையில போட்டா எருவோட காட்டுக்குப் போயிடும். உங்க மகன் நடமாடற எடத்துல ஒண்ணு கூடக் கெடக்கக் கூடாது. இவங்களுக்குக் கால்ல புண்ணு வந்தா லேசுல ஆறாது." நான் எல்லாத்துக்கும் ஆகட்டுங்கன்னு தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டினதோட சரி. நம்மூர்ல செருப்புப் போட்ட காலு எத்தனை? வேலாமுள்ளு ஏறாத நாள் இருக்கா? அருவா, களைக்கொத்து, முள்ளு எடுக்கற ஊசி, எல்லாத்துக்கும் நம்மகிட்ட ஒரே எடம் எரவாணம்தான். கூரை ஓலை எறங்கி நிக்கற அந்தச் சந்துல செருகிட்டா வேணுங்கறப்ப கைக்கு எட்டும். ஒரு ஊசி உன் கையில ஏறாத அளவுக்கு மொட்டையானாலும் முள்ளு எடுக்க அதை மாதிரி வராது. அதனால மொட்டையானதையெல்லாம் முன்வாசல் எரவாணத்துல வரிசையாச் செருகி வெச்சேன். ஊரே நொண்டிக்கிட்டு வரும், நான் உருவிக் குடுப்பேன். அதுல எனக்கு ஒரு பெருமை. இன்னொண்ணும் இருக்கு, அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உன் ஒடம்புக்குள்ள போய் உன் உசிரைப் புடிச்சு வெச்ச ஊசியை மண்ணுல போட எனக்கு மனசு வரலை.

இப்படி அஞ்சு வருசம் ஓடுச்சு. அப்பறம் ஓமலூர்லருந்து பாவாயி வந்தா. உனக்கு வியாதி இருக்கறது தெரிஞ்சே கழுத்தை நீட்டினவன்னு ஊரெல்லாம் அவளை மெச்சுச்சு. அஞ்சு வருசம் ஊசி போட்டவளை யாரும் மெச்சலை. வந்த பத்தாம் நாளே எம்பக்கத்துல வந்து நின்னா.

"ஏனுங்கத்தை, நானும் ஊசி போடக் கத்துக்கறனுங்க."

"உங்கை வளையல் கை சாமி. குலுங்குச்சுன்னா கண்ணாடி ஒடைஞ்சு போகும்."

மறுநாள் வளையலையெல்லாம் முழங்கைக்கு ஏத்தித் துணியால கட்டிக்கிட்டு வந்து நின்னா. வேற வழியில்லாம ஒரு கத்தரிக்காயைக் குடுத்தேன். எனக்கு ஒரு கூடை ஆச்சே, அவ அந்த ஒண்ணோட முடிச்சுட்டா. முத நாள் உனக்குப் போட்டது நெனப்பு இருக்கா? நீ கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டினே. அவ போட்டு முடிச்சு ஊசியைத் தட்டத்துல வெச்சதுக்கப்பறம் கண்ணைத் தொறந்து, "போட்டாச்சா? வலிக்கவே இல்லையே"ன்னே. அஞ்சு வருசம் சாமி, நாளுக்கு ரெண்டு தடவை. என்கிட்ட ஒரு நாளாச்சும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கயா? "மெதுவாம்மா, மெதுவாம்மா"ன்னுதான் சொல்லியிருக்கே. அன்னிக்கு ரசத்துல உப்புப் போட்டனா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே பேசாமச் சாப்பிட்டீங்க.

ஊசியோட விட்டாளா. எரவாணத்தை அண்ணாந்து பார்த்தா. அடுத்த நாளே ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவை எடுத்து, மூடியில ஆணி வெச்சு ஒரு ஓட்டை அடிச்சு, மூடியைச் சுத்தி அரக்கு வெச்சு அடைச்சுட்டா. மொட்டையான ஊசி அந்த ஓட்டை வழியா உள்ள போகும், கவுத்தினாலும் லேசுல வெளிய வராது. "இதென்ன சாமி, ஊசிக்கு உண்டியலா? வருசக் கடைசியில பழனிக்குக் கொண்டு போய்க் கட்டப் போறயா?"ன்னு கேட்டேன். ஆலைக்கு வந்தவங்களையெல்லாம் கூப்பிட்டு உண்டியலைக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சேர்ந்து சிரிச்சா. நீ சிரிக்கலை. "அவ சொல்றது சரிதான் அம்மா, எரவாணத்துல இருக்கறதையெல்லாம் எடுத்து அதுல போட்டுடுங்க"ன்னே. கட்டிக்கிட்டு வந்து மூணு மாசம் ஆகலை, அவ சொல்றது சரியாம். சரி சாமின்னு சொன்னேன். முன்வாசல்ல இருந்ததை உங்கண்ணு முன்னாலயே உருவினேன். உருவினதுல நாலஞ்சைத்தான் அந்த ஓட்டையில போட்டேன். மிச்சத்தைக் கொண்டு போய்ப் பின்னால சமையக்கட்டு எரவாணத்துல, பொகை அடிக்கற மூலையில, உள்ளாழமாச் செருகிட்டேன். அதோட நிக்கலை. பாவாயி ஊசி மொட்டையாயிருச்சுன்னு தட்டத்துல ஒதுக்கி வெச்சா, அவ கை கழுவிட்டு வாரதுக்குள்ள எடுத்து அங்க செருகிடுவேன். அவ வந்து தட்டத்தைப் பார்ப்பா. "நானே டப்பாவுல போட்டுட்டேன் சாமி"ம்பேன். உன் ஊசி அவ உண்டியலுக்குப் போகக் கூடாது. எனக்கு இருந்தது அவ்வளவுதான். வேற ஒரு நியாயமும் இல்லை.

ஆடிக்காத்து அடிச்ச அன்னிக்கு நடந்தது உனக்கு மறக்காது. காத்துல கூரை கிடுகிடுன்னு ஆடுச்சு. நீ காட்டுலருந்து வந்து சமையக்கட்டு வாசல்ல கால் கழுவிட்டு உள்ள வந்தே. வந்தவன் அப்படியே நின்னுட்டே. உள்ளங்காலுல ஊசி, கொண்டை வரைக்கும் ஏறியிருந்துச்சு. நீ கீழ பார்க்க மாட்டாமத் தலையைத் திருப்பிக்கிட்டே, பாவாயிதான் உக்காந்து உருவினா. "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு ஊசியைக் கீழ போட்டே? இனிமே ஊசியைத் தொடாதே"ன்னு அவளைப் பார்த்துச் சொன்னே. அவ உருவின ஊசியை உள்ளங்கையில வெச்சுப் பார்த்தா. காலையில தட்டத்துலருந்து விழுந்த ஊசியா இருந்தா பளபளன்னு இருக்கும். இதோட பித்தளைக் கொண்டையில ஒட்டடையும் கரியும் அப்பிக் கெடந்துச்சு. அவ மெதுவா மேல கூரையைப் பார்த்தா. அப்பறம் என்னைப் பார்த்தா. நான் அடுப்பைப் பார்த்தேன்.

கம்பவுண்டர் சொன்னது அப்படியே நடந்துச்சு. மூணே நாள்ல உன் கால் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. சேலத்துல நாப்பது நாள் கெடந்தே. பாதத்தை எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு உங்கய்யன் ஆஸ்பத்திரி மரத்தடியில உக்காந்து அழுதாரு. அப்பவும் பாவாயி வாயைத் தொறக்கலை. எப்பச் சொல்லுவா, எப்பச் சொல்லுவான்னு நான் தெனம் காத்துக்கிட்டிருந்தேன். அவ சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டு மனசை ஆத்தியிருப்பேன். அதுக்கும் அவ எடம் குடுக்கலை. நல்லவளா இருக்கறதுலயும் என்னை முந்திக்கிட்டா. காலு பொழைச்சு நீ ஊட்டுக்கு வந்ததும், "அம்மா, இனி நீங்களே போடுங்க"ன்னு கையை நீட்டினே. இதை எழுதத்தான் மூணு நாள் ஆச்சு சாமி. நீ ஆஸ்பத்திரியில முனகிக்கிட்டுக் கெடந்தப்பவே எம்மனசோட ஒரு மூலையில சந்தோசம் இருந்துச்சு. ஊசி மறுபடியும் எங்கைக்கு வந்துரும்னு.

இப்ப டப்பா. உங்கய்யன் அதைக் கொண்டாந்து வெச்சு, "மருமக ஊருக்குப் போறப்ப இதை ஆழமாப் பொதைச்சுடுங்க மாமான்னு சொல்லிட்டுப் போச்சு. கிளுவ வேலி ஓரத்துல இடுப்பாழம் குழி வெட்டிட்டேன். போடறதுக்கு முந்தி உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்"ன்னாரு. ஒரு முருங்கைக்குச்சி நடக் குழி வெட்டச் சொல்லி நான் இவருகிட்ட எத்தனை மாசம் கெஞ்சியிருக்கேன். மருமக சொன்னா இடுப்பாழம். அந்தக் கடுப்புலதான் டப்பாவைக் கையில எடுத்தேன். கனமா இருந்துச்சு. நான்தான் பாதி ஊசியைத் திருடிட்டேனே, இது எப்படி இத்தனை கனம்னு, மூடியை அருவா முனையால நெம்பி மொறத்துல கொட்டினேன். பாதி ஊசி வெள்ளையா இருந்துச்சு. பாதி கரி அப்பினது.

ஏணி போட்டுச் சமையக்கட்டு எரவாணத்தை ஓலை ஓலையா வெலக்கிப் பார்த்தேன். ஒண்ணு கூட இல்லை. உன் கால்ல ஏறினதுக்கப்பறம் அந்தப் பக்கம் கை வெக்கவே நான் பயந்துக்கிட்டு இருந்தேன். அவ எப்ப ஏறினா, எப்ப எடுத்தா, எனக்குத் தெரியாது. ஊசியைத் தொடாதேன்னு நீ சொன்னதுக்கப்பறமும் உன் காலுக்காக ஒண்ணொண்ணாத் தொட்டிருக்கா. என்கிட்ட ஒரு சாடைப் பேச்சு இல்லை. மொறத்தை மடியில வெச்சுக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். "என்ன புள்ளை, இதுல கரி ஏது?"ன்னு உங்கய்யன் கேட்டாரு. சொன்னேன். அவரு ஒண்ணும் திட்டலை. எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. இந்தத் தடவை மாடு நெசமாவே இருந்துச்சு.

அதனால நான் வரலை சாமி. மூட்டையை அவுத்துட்டேன். நீ என்னைத் திட்டி ஒரு கடுதாசி எழுதினாலும் சரி, எழுதாம விட்டாலும் சரி, அதைப் பின்னால பார்த்துக்கலாம். இதைப் படிச்ச கையோட பாவாயியைக் கூப்பிட்டுக் கையை நீட்டு. உங்கய்யன் எந்திரிச்சு வெளிய போவாரு, தடுக்காதே. அவ உன்னைச் சும்மா விடாம நாலு வார்த்தை கேட்டான்னா கேட்டுக்க. அதுல ரெண்டு வார்த்தை எனக்குச் சேர வேண்டியது.

அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை, ஆனாலும் மாமியா நான் சொல்லாம இருந்தா நல்லா இருக்காது. ஊசியைக் கைக்குக் கை வாங்க வேண்டாம். தட்டத்துல வெச்சு, அடுத்தவங்க தட்டத்துலருந்து எடுக்கட்டும். நாளும் போடற ஊசியை அதுக்குன்னு இருக்கற பொட்டியில மூடி வெக்கணும். மொட்டையானதை அந்த நிமிசமே டப்பாவுல போடணும். அப்பறம் பார்த்துக்கலாம்னு மாடத்துல வெக்கறதுதான் கால்ல ஏறுது. ஒடிச்சுப் போடறேன்னு வளைக்காதீங்க, துணுக்கு எங்க தெறிக்கும்னு தெரியாது. பக்கத்து ஊட்டுல முள்ளு எடுக்கக் கேட்டா ஒரு பின்னூசியைக் குடுங்க. ஒருத்தர் ஒடம்புல போனதை இன்னொருத்தர் கால்ல குத்தற பெருமையெல்லாம் எங்காலத்தோட போகட்டும். நீ ஊட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுக்க, யார் சிரிச்சாலும் சரி. நான் சிரிக்க மாட்டேன்.

நேத்துப் பகல்ல நானும் உங்கய்யனும் போய் அந்த டப்பாவைக் குழியில எறக்கினோம். மறுபடியும் அரக்கு வெச்சு நானே அடைச்சேன். மேல ஒரு முழம் மண்ணுதான் தள்ளியிருக்கு. மிச்சத்தை மூட வேண்டாம்னு சொல்லிட்டேன். பலகை போட்டுக் கல்லு வெச்சிருக்கோம். உங்கய்யன் கையில புது டப்பா ஒண்ணு குடுத்தனுப்பியிருக்கேன், பாவாயிகிட்டக் குடு. ஓட்டையை நான்தான் ஆணி வெச்சு அடிச்சேன், கொஞ்சம் கோணலா இருக்கும், உண்டியலுக்கு அது போதும்னு சொல்லு. மேட்டூர் பாறை மண்ணு, அங்க ஆழமாத் தோண்ட முடியாது. அது நெறைஞ்சதும் அடைச்சு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் ஊருக்கு வாங்க. குழி தொறந்தே இருக்கும்.

அவ போட்டு முடிச்சதும், வலிக்கலைன்னா வலிக்கலைன்னு அவகிட்டச் சொல்லு. என்கிட்டச் சொல்லாம விட்ட மாதிரி விட்டுடாதே. எனக்கு எழுதறப்ப மட்டும், கொஞ்சம் வலிச்சுதுன்னு எழுது.